முன்னோர் வைத்த முதலும் பயிற்றுநர் உழைப்பும்

வென்றாரைப் புகழ்தலும் தோற்றாரை இகழ்தலும் விளையாட்டுலகில் என்றும் உள்ள வழக்கம். அவ்வாறு புகழ்வோரும் இகழ்வோரும் பெரும்பாலும் ஒரு வினாவைக் கேட்க மறந்துவிடுகின்றனர். அணியைப் பொறுப்பேற்ற நாளில் அப்பயிற்றுநரின் கையில் என்ன இருந்தது என்பதே அவ்வினா. ஆற்றுப் பாய்ச்சல் உள்ள நன்செய்யைத் தந்தையிடமிருந்து பெற்றவனும், கல்லும் முள்ளும் நிறைந்த மேட்டு நிலத்தைப் பெற்றவனும் ஒரே ஆண்டிற் கண்ட விளைச்சலை ஒரே மரக்காலால் அளந்து, "இவன் சிறந்த உழவன், அவன் சோம்பன்" என்று தீர்ப்புக் கூறுதல் நேர்மையாகுமா? பயிற்றுநரைப் பற்றி நாள்தோறும் நாம் கூறும் தீர்ப்புகளுட் பல இத்தகையனவே. ஆகவே, வழிவந்த திறமையையும் தாமே உழைத்து வளர்த்த திறமையையும் பிரித்தறிவதற்கு ஒரு முறை உண்டா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். இதற்கு வேண்டிய சான்றுகளைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நமது ஊர் மைதானமே அவற்றுட் பலவற்றைத் தந்துள்ளது.

கண்டி மாநகரிலிருந்து தென்னக்கும்புரப் பாலத்தின் வழியே மகாவலி கங்கையைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் பல்லேகலவை அடைவர். மலைகள் சூழ்ந்த இவ்விடத்தில் அமைந்த சர்வதேச மைதானத்தில் முதலாவது டெஸ்ட் ஆட்டம் 2010 டிசெம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் நடைபெற்றது. அதற்கு முன்னர், 1983 முதல் 2007 வரை, கண்டியின் டெஸ்ட் ஆட்டங்கள் திரித்துவக் கல்லூரிக்கு உரிய அஸ்கிரிய மைதானத்திலேயே ஆடப்பட்டன. பல்லேகல மைதானத்துக்குக் கண்டியின் மைந்தரான முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்டுவதென மத்திய மாகாண சபை 2010 இல் தீர்மானித்தது. ஆயினும் அதே ஆண்டு யூலையில் 800 ஆவது விக்கெட்டுடன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட முரளிதரன், இம்மைதானத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலேனும் பந்துவீசவில்லை. அவர் இல்லாத இலங்கை அணியின் வரலாறு எங்குத் தொடங்கிற்றோ அங்கேயே பல்லேகலவின் டெஸ்ட் வரலாறும் தொடங்கிற்று எனலாம். எனவே, பெருஞ்செல்வம் கைவிட்டுப் போன பின்னர் ஒரு குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் காண்பதற்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

ஒரே மைதானம், இரண்டு ஆட்டங்கள்

2016 யூலை இறுதியில் அவுஸ்திரேலிய அணி பல்லேகலவுக்கு வந்தது. அதுகாறும் டெஸ்ட் ஆட்டங்களில் இலங்கை அவுஸ்திரேலியாவை ஒரேயொரு முறைதான் வென்றிருந்தது. அவ்வெற்றியும் 1999 இல் இதே கண்டியில், அஸ்கிரியவிற் கிடைத்ததாகும். பல்லேகலவில் முதல் இன்னிங்ஸில் இலங்கை 117 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அவுஸ்திரேலியா 203 ஓட்டங்கள் பெற்றது. 86 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் ஆடவந்த இருபத்தொரு வயது இளைஞர் குசல் மெண்டிஸ் 176 ஓட்டங்களைக் குவித்தார்; அவ்வின்னிங்ஸில் வேறெவரும் அரைச்சதத்தையேனும் எட்டவில்லை. பின்னர் ரங்கன ஹேரத்தும் அவ்வாட்டத்திலேயே அறிமுகமான லக்‌ஷான் சந்தகானும் சுழற்பந்தால் எதிரணியை மடக்கினர். இலங்கை 106 ஓட்டங்களால் வென்றது. தொடர்ந்து காலியிலும் கொழும்பிலும் வென்று, மூன்று ஆட்டங்களையும் தனதாக்கிக் கொண்டது. பயிற்றுநர் கிரஹம் போர்ட் எங்கும் பாராட்டப்பட்டார்.

சற்றேறக்குறைய ஓராண்டு கழிந்தது. 2017 ஓகஸ்டில் இந்திய அணி அதே மைதானத்தில் 487 ஓட்டங்களைப் பெற்றது. இலங்கை 135, 181 என இருமுறையும் வீழ்ந்து, ஓர் இன்னிங்ஸாலும் 171 ஓட்டங்களாலும் தோல்வியுற்றது. அவ்வாட்டத்தில் ஹேரத் ஆடவில்லை. போர்ட் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே பதவி விலகியிருந்தார்; நிக் போத்தாஸ் தற்காலிகப் பயிற்றுநராக இருந்தார்.

இவ்விரண்டு ஆட்டங்களை மட்டும் கண்டவர், "போர்ட் இருந்தபோது வென்றோம், அவர் போனபின் தோற்றோம், ஆகவே வெற்றிக்குக் காரணம் போர்ட்" என்று முடிபு கூறுவர். இம்முடிபு மனத்துக்கு இசைவாகத் தோன்றினும், ஆராய்ச்சிக்கு முன் நில்லாது. 2016 இல் அவுஸ்திரேலியாவை வெல்வதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், மே மாதத்தில், இதே பயிற்றுநரின் கீழ் பெரும்பாலும் இதே வீரர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 91, 119 என இரு இன்னிங்ஸிலும் சரிந்தனர்; அத்தொடரை 2 க்கு 0 என இழந்தனர். அவுஸ்திரேலியாவை வென்ற சில மாதங்களின் பின்னர் தென்னாபிரிக்காவில் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் தோற்றனர். பயிற்றுநர் மாறவில்லை, வீரர் பெரிதும் மாறவில்லை. மாறியன மண்ணும் காற்றும் எதிரியுமே. ஆகவே பயிற்றுநரை மதிப்பிட முனைவோர், அவர் பெற்ற வீரரை எண்ணுதல் போன்றே அவர் ஆடிய களத்தையும் எண்ணுதல் வேண்டும்.

ஒரே பயிற்றுநர், இரண்டு முதல்கள்

விஞ்ஞானக் கூடத்தில் ஒன்றன் விளைவை அறிய விரும்பினால், ஏனையவற்றை மாறாது நிறுத்தி, அவ்வொன்றை மட்டும் மாற்றிப் பார்க்கின்றோம். விளையாட்டில் அவ்வாறு சோதனை செய்தல் இயலாது. ஆயினும் சிற்சில வேளைகளில் காலமே நமக்காக ஏறத்தாழ அத்தகைய சோதனையை நிகழ்த்தி வைக்கின்றது. தென்னாபிரிக்கரான போர்ட் இலங்கை அணியை இருமுறை பொறுப்பேற்றமை அத்தகையதொரு நிகழ்ச்சியாகும்.

முதன்முறை, 2012 தொடக்கத்தில் அவர் வந்தபோது, மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார, திலகரத்ன டில்ஷான், லசித் மாலிங்க, ஹேரத் முதலியோர் அணியில் இருந்தனர். ஜயவர்தன தமது வாழ்நாளில் 149 டெஸ்ட் ஆட்டங்களில் 11,814 ஓட்டங்களும், சங்கக்கார 134 ஆட்டங்களில் 12,400 ஓட்டங்களும் பெற்றவர்கள். இத்தகைய இருவரை ஒருங்கே முதலாகப் பெற்ற பயிற்றுநர் உலகில் மிகச் சிலரே. இரண்டாம் முறை, 2016 இல் அவர் திரும்பி வந்தபோது அவ்விருவரும் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தனர். ஜயவர்தன 2014 ஓகஸ்டிலும் சங்கக்கார 2015 ஓகஸ்டிலும் விடைபெற்றுச் சென்றனர்.

இனி விளைவை நோக்குவோம். செல்வம் நிறைந்த முதற்காலத்தில், 2012-13 இல், போர்ட்டின் அணி அவுஸ்திரேலியாவுக்குச் சென்று மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் தோற்றது. செல்வம் குறைந்த இரண்டாம் காலத்தில் அதே அவுஸ்திரேலியாவை நம் நாட்டில் மூன்று ஆட்டங்களிலும் வென்றது. வழிவந்த திறமையே அனைத்தையும் முடிவு செய்யும் என்போமாயின், இது தலைகீழாக அல்லவா நிகழ்ந்திருத்தல் வேண்டும்? ஆயினும் இதனைக் கொண்டு, "திறமை பொருட்டன்று, பயிற்றுநரே பொருட்டு" என்றும் கூறுதல் இயலாது. பயிற்றுநர் ஒருவரே அன்றோ! களத்தின் வேறுபாட்டையும், ஹேரத் என்னும் தனிமனிதரையும் கணக்கிற் சேர்த்த பின்னரே இப்புதிர் அவிழும். 2016 தொடரின் மூன்று ஆட்டங்களில் ஹேரத் வீழ்த்திய விக்கெட்டுகள் 28. சுழற்பந்தை எதிர்கொள்ளத் தடுமாறும் அணிக்கு எதிராக, சுழலும் மண்ணில், உலகின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரை உடையராயிருந்தார் போர்ட். பெயர்ப்பட்டியலில் ஏழ்மையாகத் தோன்றிய முதல், அந்தக் களத்தில் அந்த எதிரிக்கு எதிராக ஏழ்மையானதன்று.

இவ்விடத்தில் ஹேரத்தைப் பற்றி மேலும் ஒன்று கூறுதல் தகும். அவர் 1999 இலேயே டெஸ்ட் ஆட்டத்தில் அறிமுகமானவர். முரளிதரன் ஆடிய காலமெல்லாம் அவருடைய நிழலில் நின்றமையால் வாய்ப்புகள் அருகியே கிடைத்தன. தமது 433 டெஸ்ட் விக்கெட்டுகளுள் மிகப் பெரும்பகுதியை முரளிதரன் ஓய்வு பெற்ற பின்னரே அவர் வீழ்த்தினார். 2010 இல் முரளிதரன் சென்றபோது அணியின் செல்வத்தைக் கணக்கிட்டவர்கள், போன பொன்னை மட்டும் எண்ணினர். மண்ணுள் மறைந்திருந்த புதையலை எண்ணினாரல்லர். எனவே, வழிவந்த திறமை என்பது ஏட்டில் எழுதி எண்ணிவிடக்கூடிய நிலையான தொகையன்று. ஒருவர் இருத்தலால் மற்றொருவர் மறைதலும், ஒருவர் நீங்குதலால் மற்றொருவர் வெளிப்படுதலும் உண்டு.

ஆயினும் அப்புதையல் உடனே வெளிப்படவுமில்லை. 2010 யூலையில் முரளிதரனின் இறுதி ஆட்டத்தை வென்ற இலங்கை, அடுத்த டெஸ்ட் வெற்றியைக் காண 2011 டிசெம்பர் வரை காத்திருந்தது. இதற்கிடையில் ட்ரெவர் பெய்லிஸ், ஸ்டுவர்ட் லோ, ருமேஷ் ரத்நாயக்க, ஜெஃப் மார்ஷ் என நால்வர் பயிற்றுநராக இருந்தனர். நால்வரும் ஒருங்கே திறமையற்றவர் என்பது நம்பத்தக்கதன்று. அவருள் பெய்லிஸ் 2011 இல் இலங்கையை உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குக் கொண்டு சென்றவர். பின்னர் 2019 இல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவர். மார்ஷின் கதை மேலும் இரங்கத்தக்கது. நீண்ட வறட்சியை முறித்த டேர்பன் நகர வெற்றி, தென்னாபிரிக்க மண்ணில் இலங்கை பெற்ற முதலாவது டெஸ்ட் வெற்றியும் ஆகும். அது மார்ஷின் காலத்திற் கிடைத்தது. அவ்வாட்டத்தின் நாயகர் ஹேரத். எனினும் பொறுப்பேற்று நான்கு மாதம் நிறைவதற்குள் மார்ஷ் நீக்கப்பட்டார். விதைத்த நிலத்தில் முளை தோன்றிய நாளிலேயே உழவனை மாற்றிய கதை இது.

பெயர் பெற்றவர் பெற்ற முதல்

தோற்றவருக்கு இரங்குதல் எளிது. வென்றவரின் பெருமையை அளந்து பார்த்தல் கடினம். இலங்கையின் பயிற்றுநர்களுள் மிகப் புகழ் பெற்றவர் டேவ் வட்மோர். கொழும்பிற் பிறந்து, அவுஸ்திரேலியாவுக்காக ஏழு டெஸ்ட் ஆட்டங்களில் ஆடிய அவர், 1995 இல் இலங்கை அணியைப் பொறுப்பேற்றார். 1996 மார்ச் 6 ஆம் நாள் அஸ்கிரியவில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 5 விக்கெட்டு இழப்புக்கு 398 ஓட்டங்கள் குவித்து, ஒருநாள் ஆட்டத்தில் அக்காலத்து உலக சாதனையை நிறுவியது. பதினொரு நாட்களின் பின் லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அவர் பெற்ற முதல் யாது? அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க 1982 இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டத்திலேயே ஆடியவர். அரவிந்த டி சில்வாவும் அசங்க குருசிங்கவும் பத்தாண்டு அனுபவம் உடையவர்கள். சனத் ஜயசூரியவும் முரளிதரனும் சமிந்த வாஸும் அணிக்கு வந்துவிட்டனர். மேலும், வட்மோர் வருவதற்கு முன்னரே, 1995 மார்ச்சில், நியூசிலாந்தில் இலங்கை தனது முதலாவது வெளிநாட்டு டெஸ்ட் வெற்றியைப் பெற்றிருந்தது. ஏறுமுகத்தில் இருந்த அணியையே அவர் ஏற்றார் என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின் வட்மோரின் பெருமை பொய்யோ? அன்று. வீரரின் உடற்பயிற்சி, களத்தடுப்பு, ஆட்டத்துக்கு முன் திட்டமிடல் ஆகியவற்றில் அவர் காலத்தில் ஓர் ஒழுங்கு அமைந்தது. அதனினும் முக்கியமான சான்று அவருடைய இரண்டாம் வருகையாகும். 1999 உலகக் கிண்ணப் போட்டியில் நடப்புச் சம்பியனாகச் சென்ற இலங்கை முதற்சுற்றிலேயே வெளியேறியது. ரணதுங்க தலைமையிலிருந்து நீங்கினார்; வட்மோர் மீண்டும் அழைக்கப்பட்டார். முதன்முறை முதிர்ந்த அணியைப் பெற்றவர், இம்முறை உடைந்த அணியைப் பெற்றார். 1999 இல் அஸ்கிரியவில் அவுஸ்திரேலியாவை வென்றதும், 2001-02 இல் தொடர்ச்சியாக ஒன்பது டெஸ்ட் ஆட்டங்களை வென்றதும், 2003 உலகக் கிண்ணத்தில் அரையிறுதியை அடைந்ததும் இக்காலத்திலேயே. சங்கக்கார 2000 இல் அணியிற் சேர்ந்து வளர்ந்ததும் இக்காலத்திலேயே. ஆகவே, வட்மோரை அளப்பதற்கு 1996 இன் கிண்ணத்தைக் காட்டிலும் 1999 இன் பின்னர் அவர் செய்த திருத்த வேலையே தக்க அளவுகோல் என்பது எமது துணிபு. கிண்ணத்திற் பலருக்குப் பங்குண்டு; திருத்தத்தில் அவர் பங்கு மிகுதி.

இதற்கு மறுதலையானவர் போல் ஃபார்பிரேஸ். 2014 இன் முதற்சில மாதங்களிலேயே ஆசியக் கிண்ணத்தையும் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தையும் அவருடைய அணி வென்றது. வென்ற சில நாட்களில் அவர் இங்கிலாந்தின் உதவிப் பயிற்றுநராகச் சென்றுவிட்டார். அதே மூத்த வீரர்களைக் கொண்டு போர்ட் 2012 இல் கொழும்பில் இறுதியாட்டம் வரை சென்று, மேற்கிந்தியத் தீவுகளிடம் 36 ஓட்டங்களால் தோற்றார். வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே நின்றது ஓரிரவின் ஆட்டமே. ஃபார்பிரேஸ் நல்ல பயிற்றுநரே. ஆயினும் அவர் அறுவடை செய்த பயிரை விதைத்தவர் வேறு பலர்.

உதைபந்தாட்டம் கற்பிக்கும் பாடம்

உதைபந்தாட்ட உலகிலும் இந்நிலையைக் காணலாம். மஞ்செஸ்டர் யுனைற்றெட் கழகத்தை அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் ஏற்றபோது அது தன் பிரிவின் அடிமட்டத்துக்கு அண்மையில் கிடந்தது. அவர் 2013 இல் ஓய்வு பெற்றபோது 89 புள்ளிகளுடன் சம்பியனாக விளங்கிற்று. அடுத்து வந்த டேவிட் மோய்ஸின் அணி 64 புள்ளிகளுடன் ஏழாம் இடத்தை எய்தியது. பருவம் முடிவதற்கு முன்னரே அவர் நீக்கப்பட்டார். சம்பியன் அணியைப் பெற்றும் கெடுத்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட பழி. ஆனால், அவர் பெற்ற அணியின் தற்காப்பு வீரர் பலர் முப்பது வயதைக் கடந்தவர்கள். றயன் கிக்ஸ் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். காய்த்து ஓய்ந்த மரத்தோப்பு தூரத்திலிருந்து நோக்குவார்க்குப் பசுமையாகவே தோன்றும். எனவே வழிவந்த செல்வத்தை எண்ணும்போது அதன் மதிப்பை மட்டுமன்றி அதன் வயதையும் எண்ணுதல் வேண்டும்.

இந்தியாவின் சையத் அப்துல் ரஹீம் இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பவர். 1950 முதல் 1963 இல் தாம் இறக்கும் வரை இந்திய உதைபந்தாட்ட அணியை அவர் பயிற்றினார். தொடக்கத்தில் அவர் பெற்றது வெறுங்காலுடன் ஆடிப் பழகிய வீரர் கூட்டத்தை. 1951 இல் ஆசிய விளையாட்டு விழாவிற் பொற்பதக்கம் கிடைத்தது; ஆயினும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10 க்கு 1 என இந்தியாவை நசுக்கியது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில், இந்தியா அரையிறுதி கண்டு நான்காம் இடம் பெற்றது. 1962 இல் ஜகார்த்தாவில் மீண்டும் பொன் வென்றது. ரஹீம் மறைந்த பின்னர், 1964 ஆசியக் கிண்ணத்தில் இந்தியா இரண்டாம் இடத்தைப் பெற்றது. அவ்வெற்றியிற் பெரும்பங்கு அவர் வளர்த்த வீரருடையது. 1970 இன் வெண்கலத்துக்குப் பின்னர் ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய உதைபந்தாட்டம் பதக்கம் எதனையும் கண்டிலது. பயிற்றுநர் விட்டுச் சென்ற முதல் அவர் மறைந்த பின்னும் சில ஆண்டுகள் வட்டி தந்து, பின்னர் தீர்ந்துவிட்டது.

கணக்கேட்டின் நான்கு பத்திகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பயிற்றுநர் ஒருவரை மதிப்பிடுவதற்கு நான்கு பத்திகள் கொண்ட கணக்கேடு ஒன்று வேண்டும் என்பது புலனாகும். முதற்பத்தியில் அவர் பெற்றது: வீரரின் திறம், வயது, அனுபவம், மறைந்து கிடக்கும் ஆற்றல். இரண்டாம் பத்தியில் அவருக்கு வாய்த்த சூழல்: களம், எதிரி, காலம், நிருவாகத்தின் ஆதரவு. மூன்றாம் பத்தியில் அவர் செய்தது: வெற்றி தோல்வியுடன், அவருடைய கையில் இன்னின்ன வீரர் முன்னிருந்த நிலையினும் உயர்ந்தனரா தாழ்ந்தனரா என்பது. நான்காம் பத்தியில் அவர் விட்டுச் சென்றது: அடுத்தவர் பெற்ற முதல். நம்மிற் பலர் மூன்றாம் பத்தியின் முதல் வரியை மட்டும் வாசித்து ஏட்டை மூடிவிடுகின்றோம்.

இக்கணக்கில் ஏமாற்றும் பிழை ஒன்றுண்டு. பயிற்றுநர்கள் பெரும்பாலும் அணி மிகத் தாழ்ந்த வேளையிலேயே மாற்றப்படுகின்றனர். வழக்கமாக அறுபது புள்ளி பெறும் மாணவன் ஒருவன் காய்ச்சலாலோ கலக்கத்தாலோ ஒரு தவணையில் முப்பது பெறுகின்றான் எனக் கொள்வோம். அடுத்த தவணையில் எவர் கற்பித்தாலும் அவன் அறுபதை அணுகுதலே இயல்பு. இடையில் ஆசிரியர் மாறியிருப்பின் புகழ் முழுவதும் புதியவரைச் சேரும். பழி முழுவதும் பழையவரைச் சேரும். புதிய பயிற்றுநர் வந்தவுடன் அணி எழுச்சி பெறுகிறது என்னும் நம்பிக்கையிற் பெரும்பகுதி இவ்வாறு எழுந்ததே. இதனின்று தப்புதற்கு வழி, முதற்சில ஆட்டங்களைக் கொண்டு தீர்ப்புக் கூறாது, நீண்ட காலத்து நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குதலாகும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டாகச் சனத் ஜயசூரியவைக் கூறலாம். 2023 உலகக் கிண்ணத்தில் பத்து அணிகளுள் ஒன்பதாம் இடத்தைப் பெற்று, 2024 இருபது ஓவர் உலகக் கிண்ணத்திலும் முதற்சுற்றில் வெளியேறிய அணியை, 2024 யூலையில் தற்காலிகமாக அவர் ஏற்றார். முதற்சோதனை பல்லேகலவில் நிகழ்ந்தது. இந்தியாவுடனான மூன்று இருபது ஓவர் ஆட்டங்களையும் இலங்கை இங்கு இழந்தது. மூன்றாவதில், கைக்கெட்டிய வெற்றியைச் சமநிலையாக்கி, பின் சுப்பர் ஓவரில் தோற்றது. சில நாட்களின் பின் கொழும்பில் அதே இந்தியாவை ஒருநாள் தொடரில் வென்றது. 1997 இன் பின்னர் இந்தியாவுக்கு எதிராகப் பெற்ற முதலாவது தொடர் வெற்றி அது. அடுத்த மாதத்தில் இலண்டன் ஓவலில் இங்கிலாந்தையும், காலியில் நியூசிலாந்தையும் டெஸ்ட் ஆட்டங்களில் வென்றது. இது கண்டு நாடு மகிழ்ந்தது. பின்னர் தென்னாபிரிக்காவிலும், 2025 தொடக்கத்தில் காலியில் அவுஸ்திரேலியாவுடனும் டெஸ்ட் தொடர்களை இழந்தது.

நான்கு பத்தியிலும் எழுதிப் பார்ப்போமாயின் உண்மை தெளிவாகும். 2024 இன் வெற்றிகளில் முன்னின்ற கமிந்து மெண்டிஸ், ஜயசூரிய வருவதற்கு நான்கு மாதம் முன்னரே, பங்களாதேஷில் ஒரே டெஸ்ட் ஆட்டத்தில் இரு சதங்கள் பெற்று மீண்டெழுந்தவர். முன்னைய பயிற்றுநர் கிறிஸ் சில்வர்வூட் காலத்து வரவு அது. இந்தியாவை வென்ற கொழும்பு மைதானம் சுழற்பந்துக்கு இடங்கொடுத்தது. எனினும், முன்னவர் காலத்தில் தளர்ந்திருந்த அதே வீரர், புதியவரிடம் நம்பிக்கையுடன் ஆடினர் என்பதும் மறுக்கவொண்ணாதது. பழையவரைப் பழித்தலும் புதியவரைத் தெய்வமாக்கலும் இரண்டும் மிகை. இருவருக்கும் உரிய பங்கை அவரவர்க்கு அளித்தலே நீதி.

ஏட்டில் இடம்பெறாத பெயர்கள்

நாட்டின் பயிற்றுநர் பெறும் முதல் எங்கிருந்து வருகின்றது? விலை கொடுத்து வீரரை வாங்கும் உரிமை உதைபந்தாட்டக் கழகங்களுக்கு உண்டு. நாட்டு அணிக்கு இல்லை. நாட்டு அணியின் முதல் பாடசாலை மைதானங்களிலே விளைகின்றது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் நடுத்தர வேகத்தில் பந்துவீசிக் கொண்டிருந்த முரளிதரனைப் பதினான்கு வயதளவில் சுழற்பந்துக்குத் திருப்பியவர், அக்கல்லூரியின் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. திரித்துவக் கல்லூரியின் மைதானத்தில் வளர்ந்தவர் சங்கக்கார. வட்மோரும் மூடியும் பெய்லிஸும் கொண்டாடப்பட்ட வெற்றிகளின் அடியில் கண்டி மாவட்டத்துப் பாடசாலைப் பயிற்றுநர்களின் உழைப்பு கிடக்கின்றது. நான்காம் பத்தியை மட்டும் நிரப்பிவிட்டு, மூன்றாம் பத்தியிற் காட்டுதற்குக் கிண்ணம் ஏதும் இன்றி ஓய்வு பெறுவோர் அவர்கள்.

இவ்வாராய்ச்சி விளையாட்டுடன் முடிவதன்று என்பதை ஆசிரியப் பெருமக்கள் இதற்குள் உணர்ந்திருப்பர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துச் சேர்க்கும் பெரிய பாடசாலை, ஆண்டுதோறும் சிறந்த பெறுபேறு காட்டுகின்றது. தோட்டத்து லயங்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளை, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாத நிலையில் ஏற்கும் சிறிய பாடசாலை, பத்துப் பேரைச் சித்தியெய்தச் செய்தாலும் பட்டியலின் கீழேயே நிற்கின்றது. பத்திரிகையில் வெளியாகும் பெறுபேற்றுப் பட்டியலில் மூன்றாம் பத்தியின் முதல் வரி மட்டுமே உண்டு. எந்த நிலையிற் பெற்றார், எந்த நிலைக்கு உயர்த்தினார் என்ற வினாவை எவரும் எழுப்புவதில்லை. அதனால் ஊறு விளைவது ஆசிரியரின் புகழுக்கு மட்டுமன்று. பெற்றோர் பட்டியலை நம்பிப் பிள்ளைகளைச் சிறிய பாடசாலையிலிருந்து விலக்குகின்றனர். அதன் முதல் மேலும் குறைகின்றது. அடுத்த ஆண்டு அதன் பெறுபேறு மேலும் தாழ்கின்றது. பிழையான அளவுகோல் தான் அளந்த பொருளையே தேய்த்துவிடுகின்றது.

ஆகவே மாணவ நண்பர்காள், அடுத்த முறை பல்லேகல மைதானத்தின் புல்மேட்டில் அமர்ந்து, தோற்ற அணியின் பயிற்றுநரை நீக்குமாறு கூவுமுன், நான்கு பத்திகளையும் ஒருமுறை மனத்துள் எழுதிப் பாருங்கள். எழுதிய பின்னரும் அவர் குறையுடையவராகவே தோன்றலாம். அப்போது குறை கூறுதல் உங்கள் உரிமை. எழுதாது கூறுதல் மட்டும் தகாது. வெறுங்காலுடன் வந்தவர்க்கு நடை பயிற்றியவரும், ஓடத் தெரிந்தவரை ஓடவிட்டவரும் வெவ்வேறு பணி புரிந்தவர்கள். இருவரையும் வேறு வேறாக அளக்கக் கற்றல், கல்லூரியில் நாம் பெறும் கல்வியின் ஒரு பயனாக அமைதல் வேண்டும்.